பர்மா டீச்சர்

நான் அந்தச் சொல்லைச் சொன்னதும் அந்தப் பெண் என் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள்.

எங்கள் சின்னப் படகு அவர்களுடைய பெரிய மரப்படகின் ஓரத்தில் முட்டுவதும் விலகுவதுமாக இருந்தது. அவள் ஒரு காலை ஏற்கெனவே வெளியே போட்டிருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. இன்னும் ஒரு அலை எங்களைத் தூக்கியிருந்தால் இருவரும் எங்கள் படகுக்குள் வந்திருப்பார்கள்.

அவள் காலை உள்ளே இழுத்தாள். குழந்தையின் முகத்தைத் தன் தோளில் அழுத்தி மறைத்தாள். பின்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே ஒதுங்கினார்கள். ஒரு நிமிடத்துக்கு முன் எங்களை நோக்கி நீண்டிருந்த கைகளில் ஒன்றுகூட இப்போது இல்லை.

"என்னத்தச் சொன்னீங்க டீச்சர்?" படகின் பின்புறத்தில் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஆதம்லெவ்வைக் காக்கா சத்தமாகக் கேட்டார். "ஏன் எல்லாரும் கிறுகிப் போறாங்க?"

நான் அன்பாகத்தான் சொன்னேன். அந்த நாட்டைப் பற்றி ஒன்பது நாவல்கள் படித்தவள் நான்.

கீழ்த்தட்டு

சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் புத்தக அலுமாரியைப் பற்றி எழுதியிருந்தேன். அட்டாளைச்சேனையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எல்லாத் தட்டையும் சொன்னீர்கள். பர்மா நாவல்களைப் பற்றி ஒரு வரியும் இல்லையே. ஒரு காலத்தில் வாயைத் திறந்தால் பர்மாதானே?"

உண்மைதான். மறதியால் விட்டதல்ல. அந்தத் தட்டைச் சொன்னால் அந்தக் காலைப்பொழுதையும் சொல்ல வேண்டும். அதைத் தவிர்க்கப் பார்த்தேன்.

பர்மாவுக்கு நான் போனதில்லை. என் கடவுச்சீட்டில் இருப்பதெல்லாம் மக்காவுக்கு உம்றா போய்வந்த முத்திரை மட்டும்தான். பர்மா எனக்குள் வந்தது அரிசியால்.

உம்மாவின் ஊர் சம்மாந்துறை. வீட்டைச் சுற்றி வயல். பஞ்சம் வந்த ஒரு காலத்தில் அந்த வயல்களுக்கு நடுவே இருந்துகொண்டே ரங்கூன் அரிசிக்கு வரிசையில் நின்றதாக உம்மா சொல்லுவா. சொல்லும்போதே முகம் சுளிப்பா. சம்மாந்துறைக்காரருக்கு முன்னால் இன்னொரு ஊர் அரிசியைப் புகழ்ந்தால் அன்றைக்குச் சோறு கிடைக்காது. அந்த அரிசி எப்படிப்பட்ட நாட்டிலிருந்து வந்திருக்கும் என்ற கேள்வி மட்டும் எனக்குள் தங்கிவிட்டது.

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் கொழும்பு நடைபாதையில் ஒரு தடித்த ஆங்கில நாவல் கண்ணில் பட்டது. முன்னட்டை பாதி கிழிந்திருந்தது. மிச்சப் பாதியில் வட்ட வட்டமான பர்மிய எழுத்துகள். ரங்கூனில் ஒரு தேக்கு வியாபாரியின் வீடு, மூன்று தலைமுறை, அறுநூறு பக்கம்.

அதன் பெயரை இங்கே எழுதமாட்டேன். அந்த நாவலைக் குற்றம் சொல்வது என் நோக்கமல்ல. ஏன் என்பது இதைப் படித்து முடிக்கும்போது விளங்கும்.

அதை மூன்று முறை படித்தேன். ஆறுகளின் பெயர்கள் மனப்பாடம். மழை எந்த மாதம் பிடிக்கும், ஜப்பான் விமானங்கள் எந்தப் பக்கத்தால் வந்தன, மாணவர்கள் எந்தத் தெருவில் ஊர்வலம் போனார்கள் எல்லாம் தெரியும். பிறகு தேடித் தேடி மற்றவற்றையும் வாங்கினேன். ஒன்பது சேர்ந்தது. பாடசாலைக் கொப்பி ஒன்றில் ரங்கூனுக்கு வரைபடம்கூடப் போட்டு வைத்திருந்தேன். மழை நாட்களில் என் கணவர் கேட்பார்: "பர்மாவிலயும் இண்டைக்கி மழையா?"

கல்முனையில் ஒரு நூலகத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். அறியாத நாட்டை நாவல் வழியே அறிவது என்பது தலைப்பு. ஒரு நாவலைப் படிப்பது விசா இல்லாமல் ஒரு நாட்டுக்குள் போய் வருவது என்றேன். கைதட்டினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, மறைப்பானேன்.

அந்த மேடையில்தான் அந்தச் சொல்லை முதன்முதலில் வாயால் சொன்னேன். நாவலின் நாயகன், நல்ல மனம் படைத்த இளைஞன், தினமும் காலையில் காரில் வெளியே போகும்போது வாசற்காவலரை அந்தச் சொல்லால்தான் அழைப்பான், சிரித்துக்கொண்டே. புத்தகத்தின் கடைசியில் அருஞ்சொற் பட்டியலில் பொருள் இருந்தது: 'கடல் கடந்து வந்த இந்திய வழியினர்.' அவ்வளவுதான்.

"நாங்கள் பர்மாவுக்குப் போனால் எங்களையும் இப்படித்தான் அழைப்பார்கள்" என்று நான் சொல்ல, சபை சிரித்தது. அன்றிலிருந்து ஊரில் நான் பர்மா டீச்சர்.

செய்திகளில் அந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். படங்கள் பார்த்து அழுதும் இருக்கிறேன். ஆனால் செய்தியில் வந்த அந்த மக்களையும் நாவலில் வந்த அந்த வாசற்காவலரையும் ஒரு நாளும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்ததில்லை.

கல்லணைக்கு வடக்கே

மாரி காலம். பாடசாலை விடுமுறை. விடிய மழை விட்டிருந்தது, காற்று விடவில்லை. பாலமுனையில் எங்கள் வீட்டு வாசலில் முச்சக்கரவண்டி ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் ஆதம்லெவ்வைக் காக்கா, எங்களுக்கு அண்ணன் மாதிரி. அவர் தண்டயல், கடலில் ஒரு படகுக்குத் தலைவர். அவருடைய மகள் என்னிடம் படித்தவள். நூலகக் கூட்டத்துக்கு அவளைக் கூட்டிப்போக வந்தவர் வாசலில் நின்று நான் பேசியதைக் கேட்டிருந்தார்.

"டீச்சர், கெதியா வாங்க. ஒங்கட பர்மாக்காரங்க வந்திருக்காங்க."

"ஆரு?"

"ஒலுவில்ல, கல்லணைக்கு வடக்கால ஒரு மரப்படகு. சனம் நிறைய. பொம்புளயள், புள்ளயள். மிசின் செத்துப் போச்சி. படகுல வட்ட வட்டமா எழுதியிரிக்கி. சிங்களம் எண்டு பாத்தா சிங்களமும் இல்ல. நீங்க அண்டைக்கிக் காட்டின புத்தகத்தில இரிந்த எழுத்துதான் அது."

எப்படி வெளிக்கிட்டேன் என்று ஞாபகமில்லை. அடுப்பை நிறுத்தினேனா என்று வழியில்தான் யோசித்தேன்.

ஒலுவில் கரை முழுக்கச் சனம். யாரும் சத்தம் போடவில்லை. துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய கருங்கல் அணை இருக்கிறதல்லவா, அதற்கு வடக்கே, அலை உடையும் இடத்துக்குச் சற்று அப்பால் அந்தப் படகு நின்றது. நின்றது என்பது பிழை. ஒற்றைக் கயிற்றில் நங்கூரம் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. மாரியில் எங்கள் கடல் தெற்கே இழுக்கும். தெற்கே அந்தக் கற்கள்.

படகின் விளிம்பு தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் தலைகள்.

கரையில் ஒரு கடற்படை அதிகாரி கைத்தொலைபேசியைக் காதில் வைத்தபடி நடந்துகொண்டிருந்தார். சிங்களவர். தமிழ் ஓரளவு கதைத்தார்.

"பெரிய படகு வருது. வர ரெண்டு மணித்தியாலம் போகும். மேல இருந்து ஓடர் இல்லாம யாரையும் இறக்க ஏலாது."

"சேர்" என்றார் ஆதம்லெவ்வைக் காக்கா, "நான் காலையில கிட்டப் போய்ப் பாத்தனான். அந்தக் கயிறு ரெண்டு மணித்தியாலம் தாங்காது. அறுந்தா கல்லுலதான் போய் மோதும். மறுகா ஓடர் வந்து என்ன செய்ய? மையத்துதான் பொறுக்கணும்."

அதிகாரி கடலைப் பார்த்தார். தொலைபேசியைப் பார்த்தார். எனக்கு இப்போதும் அந்த முகம் நினைவிருக்கிறது. வயது முப்பத்தைந்துகூட இராது. குனிந்து சப்பாத்தைக் கழற்றினார்.

"ஓடர் வரும்" என்றார். "முதல்ல பொம்பளைங்க, புள்ளைங்க. சின்னப் படகுல கொண்டு வாங்க. ஆனா அவங்களுக்கு யார் சொல்றது? பாய்ஞ்சி விழுந்தா எல்லாம் கவிழும்."

"டீச்சர் சொல்லுவா" என்றார் ஆதம்லெவ்வைக் காக்கா. "டீச்சருக்கு அந்த நாடு தெரியும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றேன்.

"ஓம்" என்றேன். "எனக்குத் தெரியும்."

அபாயாவுக்கு மேலே லைஃப் ஜக்கட்டைக் கட்டிவிட்டார்கள். அறுபது வருடம் கடலோரத்தில் வாழ்ந்தும் அன்றுதான் முதன்முதலாக அலைக்கு அப்பால் போனேன். மூன்று அலைகள் தலைக்கு மேலே வந்தன. ஆதம்லெவ்வைக் காக்கா கலிமா ஓதிக்கொண்டே இயந்திரத்தைத் திருகினார்.

கிட்டப் போனதும் ஸலாம் சொன்னேன். அந்தப் படகு முழுவதும் ஒரே குரலில் பதில் சொன்னது. ஆண்கள், பெண்கள், நோயாளிகள், எல்லோரும். சிலர் அழுதார்கள். அந்தப் பெண் குழந்தையோடு ஓரத்துக்கு வந்தாள். கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டாள். விரல்கள் உப்பில் வெடித்திருந்தன.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஸலாம் போதுமாக இருந்தது. ஆனால் எனக்குத் தெரிந்ததை அவர்களுக்குக் காட்ட வேண்டும்போல் இருந்தது. என் நெஞ்சைத் தொட்டேன், அவளைச் சுட்டினேன், புன்னகைத்தேன், நாவலில் படித்த அந்தச் சொல்லைச் சொன்னேன். நாங்களும் நீங்களும் ஒன்று என்ற அர்த்தத்தில்.

தோடம்பழம்

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். பல வருடங்களுக்கு முந்தைய ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பயிற்சிக் கலாசாலையிலிருந்து தெற்கே சுற்றுலா போனோம். மாத்தறை போகும் பஸ்ஸில் எனக்கு இடமில்லை. ஒரு சிங்கள மனிதர், என் வாப்பாவின் வயது, எழுந்து தன் இடத்தைத் தந்தார். மடியில் இருந்த பையிலிருந்து ஒரு தோடம்பழம் எடுத்து உரித்துத் தந்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் சந்தோஷமாகச் சொன்னார்: "தம்பியா ஆட்களும் இப்ப பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். நல்ல விஷயம்."

தம்பியா. முஸ்லிம்களைக் கீழாகச் சொல்ல அங்கே பாவிக்கும் சொல். இது எனக்குச் சொல்லப்பட்டது என்பதால் எழுத எனக்கு உரிமை இருக்கிறது. மற்றச் சொல்லை எழுத எனக்கு உரிமை இல்லை.

அந்த மனிதரின் முகத்தில் கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை. வாய்க்குள் பழச்சுளை. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. இறங்கும்வரை கன்னத்துக்குள்ளேயே வைத்திருந்தேன்.

அந்தப் பெண் கையை உருவியபோது அவள் முகத்தில் நான் பார்த்தது பஸ்ஸில் இருந்த என் முகத்தைத்தான். ஆனால் எனக்கு அன்று போனது ஒரு பஸ் பயணம் மட்டும். அவளுக்குப் பின்னால் கற்கள் இருந்தன.

"யார் கொடுத்தார்கள்?"

உள்ளேயிருந்து ஒரு மனிதர் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். மெலிந்தவர், தாடி, இடுப்பில் சாரம். பெயர் சலீம் என்று பிறகு அறிந்தேன். சில காலம் மலேசியாவில் வேலை செய்ததில் உடைந்த ஆங்கிலம் தெரிந்திருந்தது.

"அந்தச் சொல்லை உனக்கு யார் கொடுத்தார்கள்?"

"ஒரு புத்தகம்" என்றேன். "கதைப் புத்தகம். பிழையான சொல் என்று தெரியாது. மன்னித்துக்கொள்ளுங்கள்."

அவர் திரும்பி மற்றவர்களுக்குச் சொன்னார். ஒரு முகமும் மாறவில்லை.

"எங்கள் வீடுகளை எரிக்க வந்தவர்கள் அந்தச் சொல்லைக் கத்திக்கொண்டுதான் வந்தார்கள்" என்றார். "நீயும் சொல்கிறாய். கரையில் சீருடை போட்டவர்கள் நிற்கிறார்கள். நீ எங்களை அவர்களிடம் திருப்பிக் கொடுப்பாய்."

"இல்லை. முதலில் பெண்களையும் பிள்ளைகளையும் அனுப்புங்கள், பிறகு..."

"பெண்களை மட்டும்?" அவர் குரல் உயர்ந்தது. "வழியில் ஒரு படகு வந்து இப்படித்தான் கேட்டது. தண்ணீர் தருகிறோம், பெண்களை மட்டும் அனுப்புங்கள் என்று. ஐந்து பேர் போனார்கள். திரும்பி வரவில்லை."

படகு ஒரு அலையில் ஏறி இறங்கியது. நங்கூரக் கயிறு விறைத்து முனகியது. கல்லணையில் அலை அடித்து நுரை பறப்பது இப்போது தெளிவாகத் தெரிந்தது.

"என்ன சொல்றான்?" என்றார் ஆதம்லெவ்வைக் காக்கா.

சொன்னேன். என் சொல்லையும் சேர்த்துச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "யா அல்லாஹ்" என்று மட்டும் சொன்னார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

எனக்கு வேறு வழி தோன்றவில்லை. துணிச்சல் என்று யாரும் எண்ண வேண்டாம். பிழையைச் செய்துவிட்டுக் கரைக்குத் திரும்பிப் போக எனக்கு முகமில்லை, அவ்வளவுதான்.

சலீமிடம் சொன்னேன்: "நான் உங்கள் படகுக்கு வருகிறேன். கடைசி ஆள் இறங்கும்வரை உங்களோடு இருக்கிறேன். உங்கள் பெண்களுக்குப் பதிலாக என்னை வைத்துக்கொள்ளுங்கள்."

"பைத்தியமா டீச்சர்?" ஆதம்லெவ்வைக் காக்கா என் கையைப் பிடித்தார். "ஒங்களுக்கு நீந்தத் தெரியுமா?"

"தெரியா."

"அந்தக் கல்லப் பாத்தீங்களா?"

"பாத்த. என்னத் தூக்கி விடுங்க காக்கா."

"ஒங்கட மனிசனுக்கு நான் என்ன சொல்ற?"

"நான்தான் ஏறினன் எண்டு சொல்லுங்க."

சலீம் கையைக் கொடுத்தார். மேலே இழுத்துப்போட்டார்கள். முழங்கால் அடிபட விழுந்தேன்.

படகின் அடியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். டீசல், வாந்தி, ஊறிய துணி, எல்லாம் கலந்த மணம். ஒரு கிழவர் வெற்று நீலப் பீப்பாயில் சாய்ந்து கிடந்தார். கண் திறந்திருந்தது, பார்வை எங்கோ. பெண்களின் பாதங்கள் தண்ணீரில் கிடந்து வெளிறி ஊதியிருந்தன. எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். இடம் தருவதற்காக அல்ல.

சலீம் நீளமாக ஏதோ பேசினார். ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு வயதான பெண் எழுந்தாள். என் லைஃப் ஜக்கட்டைக் காட்டி ஏதோ சொன்னாள்.

"அதைக் கழற்றச் சொல்கிறாள்" என்றார் சலீம். "நீ பயமில்லாமல் இருக்கிறாயாம். அதைப் போட்டுக்கொண்டிருக்கும்வரை நீ எங்களோடு இல்லையாம்."

கழற்றினேன். நனைந்த முடிச்சு அவிழ நேரமெடுத்தது. அதை அந்தக் குழந்தைக்காரப் பெண்ணிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். குழந்தையை அதில் சுற்றிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

காத்திருந்த நேரம்

சின்னப் படகுகள் மூன்று வந்து போயின. ஒன்றில் பத்துப் பேர். போவதைக் கண்ணால் தொடர்வோம். அலையில் மறையும். பிறகு கரையோரம் தெரியும். அந்த அதிகாரி இடுப்பளவு தண்ணீரில் நின்று பிள்ளைகளை வாங்கிக் கரைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் படகு கரை தொட்டதும் இங்கே ஒரு பெருமூச்சு.

நான்காவது நடையின்போது சலீம் எனக்குப் பக்கத்தில் வந்து குந்தினார்.

"அந்தப் புத்தகத்தில் நாங்கள் இருக்கிறோமா?"

"இருக்கிறீர்கள்" என்றேன். பிறகு உண்மையைச் சொன்னேன். "மூன்று இடத்தில்."

"எவ்வளவு பெரிய புத்தகம்?"

"அறுநூறு பக்கம்."

அவர் தலையாட்டினார். காற்று அவர் சொற்களைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. காதைக் கிட்டக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

"அந்தச் சொல் என்ன சொல்கிறது தெரியுமா? நீ கடலால் வந்தவன் என்கிறது. எங்கள் ஊரில் கடல் இல்லை. ஆறுதான். என் பாட்டனின் பாட்டனுக்கும் அங்கேதான் கபுறுக்குழி. பத்து வருடத்துக்கு முன்புவரை நான் கடலைக் கண்டதில்லை." கையால் சுற்றிலும் காட்டினார். "இப்போது பார். எங்களைக் கடலுக்குள் தள்ளி அந்தச் சொல்லை உண்மையாக்கிவிட்டார்கள்."

அப்போதுதான் கயிறு அறுந்தது.

சத்தம் எதுவும் கேட்கவில்லை. கரை மட்டும் திடீரென்று பக்கவாட்டில் நகரத் தொடங்கியது. படகு மெல்லச் சுழன்றது. மிச்சம் இருந்த ஆண்கள் எல்லோரும் ஒரே பக்கம் பாய, படகு சரிந்தது. சலீம் கத்தினார். அவர்கள் உட்கார்ந்தார்கள். எப்படி உட்கார்ந்தார்கள் என்று இன்றும் வியக்கிறேன். கற்கள் தெரிந்தன. ஒவ்வொன்றாக, பாசியோடு.

மூன்று படகுகளும் ஒன்றாக வந்தன. கிழவரைச் சாரத்தில் தூக்கி இறக்கினார்கள். மற்றவர்கள் குதித்தார்கள். இருவர் தண்ணீரில் விழ, தலைமுடியைப் பிடித்து இழுத்து ஏற்றினார்கள்.

"டீச்சர், பாயுங்க!" ஆதம்லெவ்வைக் காக்காவின் குரல்.

சலீம் நின்றார். நானும் நின்றேன்.

"போங்கள்" என்றார்.

"கடைசி ஆள்வரை என்று சொன்னேன்."

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு முன்னால் பாய்ந்தார். பாய்ந்த வேகத்திலேயே திரும்பி இரண்டு கைகளையும் நீட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு விழுந்தேன். கீழே ஆட்கள் இருந்தார்கள். யார் மேலே விழுந்தேன் என்று தெரியாது.

நாங்கள் விலகி ஓடிய பிறகு அந்தச் சத்தம் கேட்டது. தேங்காய் உடைவதுபோல ஒன்று. பிறகு அதைவிடப் பெரிதாக ஒன்று. நான் திரும்பிப் பார்க்கவில்லை. சலீம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரையில் கால் வைத்தபோது அதிகாரி காற்சட்டையைப் பிழிந்துகொண்டு நின்றார். "டீச்சர்" என்றார், "இப்பத்தான் ஓடர் வந்தது."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கி அழுகையில் முடிந்தது. என் கணவர் கூட்டத்தில் நின்றிருந்தார். கிட்ட வந்து தன் சால்வையை என் தோளில் போட்டார். அன்றைக்குப் பிறகு அவர் என்னிடம் பர்மாவில் மழையா என்று கேட்டதேயில்லை.

கரைக்கு வந்தவர்கள் எல்லோரும் உயிரோடு வந்தார்கள். கடலில் எத்தனை பேரை விட்டுவிட்டு வந்தார்கள் என்று அன்று நாங்கள் கேட்கவில்லை. ஊர்ப் பெண்கள் சோற்றுப் பானைகளோடு வந்தார்கள். மாலைக்குள் பஸ்களில் ஏற்றி வடக்கே ஒரு முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

வாசற்காவலர்

சில மாதங்களுக்குப் பின், அவர்களுக்கு உடுப்புக் கொண்டுபோன ஒரு குழுவோடு நானும் போனேன். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் தேவை என்றார்கள். பையில் அந்த நாவலை வைத்திருந்தேன். ஏன் எடுத்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. காட்டுவதற்குத் துணிவும் இருக்கவில்லை.

சலீம் உடம்பு கொஞ்சம் தேறியிருந்தார். ஸலாமுக்குப் பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி: "டீச்சர், புத்தகம் கொண்டு வந்தீர்களா?"

எடுத்துக் கொடுத்தேன். அட்டையைப் பார்த்தார். பாரத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார். திருப்பித் தந்தார்.

"அந்த மூன்று இடத்தையும் வாசியுங்கள்."

முதலாவது: நாயகன் காரில் போகிறான், நரைத்த வாசற்காவலர் கதவைத் திறக்கிறார், நாயகன் அந்தச் சொல்லால் அழைத்துப் பகிடி விடுகிறான். அந்தச் சொல் வந்த இடத்தில் நான் நிறுத்தினேன். "வாசியுங்கள்" என்றார். வாசித்தேன்.

இரண்டாவது: மழையில் அதே நரைத்த மனிதர் பெரிய பெட்டி ஒன்றைத் தலையில் சுமந்து வருகிறார்.

மூன்றாவது: வேறொரு பருவம். நாயகன் ஊரிலிருந்து திரும்புகிறான். வாசலில் மீசை அரும்பிய ஒரு இளைஞன் கதவைத் திறக்கிறான்.

"சரியாகத்தான் எழுதியிருக்கிறார்" என்றார் சலீம். "இப்படித்தான் சொல்வார்கள். சிரித்துக்கொண்டுதான். எழுதியவர் பொய் சொல்லவில்லை."

பிறகு நெற்றியைச் சுருக்கினார்.

"முதல் இரண்டிலும் நரைத்தவர். இதில் இளைஞன். அந்த நரைத்த மனிதர் எங்கே?"

மூன்று முறை படித்தவள் நான். பக்கங்களைத் திருப்பினேன். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் ஒரு நீண்ட அத்தியாயம். ரங்கூனில் கலவரம் என்று ஒரு வரி. அதனால் அந்தக் குடும்பம் வெள்ளையர்களைப்போல மலையூருக்குப் போய்விடுகிறது. அங்கே பூந்தோட்டத்தில் நாயகனுக்குக் காதல் வருகிறது. நாவலிலேயே அழகான அத்தியாயம் அதுதான் என்று நூலகக் கூட்டத்தில் நான் உரக்க வாசித்துக் காட்டிய பகுதி.

கலவரம் யாருக்கு எதிராக என்று நான் ஒரு முறையும் கேட்டுக்கொள்ளவில்லை. நாயகனோடு காரில் ஏறி நானும் மலைக்குப் போய்விட்டேன்.

"தெரியாது" என்றேன். "எழுதியவர் சொல்லவில்லை. ஆனால் ஆளை மாற்றி வைத்திருக்கிறார். பார்க்கிறவர் பார்க்கட்டும் என்று விட்டிருக்கிறார்போல."

வெளியே யாரோ உடுப்புகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சலீம் சொன்னார்:

"எங்கள் ஊரில் ஒருவர் இருந்தார். நான் பிள்ளையாக இருந்தபோதே மிகவும் கிழவர். ரங்கூனில் ஒரு பெரிய வீட்டில் வாசல் திறந்தவர். ஒரு வருடம் அங்கே எங்களைப்போல இருந்தவர்களையெல்லாம் வெட்டினார்கள். நாங்களா, இந்தியாவால் வந்தவர்களா என்று பார்க்கவில்லை. அந்தச் சொல்லுக்கு எல்லாரும் ஒன்றுதான். அவர் ஒளிந்து ஒளிந்து நடந்தே ஊருக்கு வந்தாராம். அவருக்கு ஒரு காது இல்லை. பிள்ளைகள் நாங்கள் கேட்போம், தாதா, உங்கள் காது எங்கே என்று. வாசலில் விட்டுவிட்டு வந்தேன் என்பார்."

"அவருடைய பெயர் என்ன?"

சொன்னார். நான் எழுத்துக்கூட்டிக் கேட்டேன். மலையூர் அத்தியாயம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு வெற்றுப் பக்கம் இருந்தது. பையில் கிடந்த பென்சிலை எடுத்து அதில் அப்துர் றஷீத் என்று எழுதினேன்.

சலீம் எட்டிப் பார்த்தார்.

"பென்சில் வேண்டாம், டீச்சர்" என்றார். "பேனையால் எழுதுங்கள்."